அமைதியான இங்கிலாந்தில் ஒரு வாரம்: பௌலண்டா, ஷ்ராப்ஷயரா, லிங்கன்ஷயரா?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் பார்க்கப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஏரி மாவட்டத்துக்கோ காட்ஸ்வோல்ட்ஸுக்கோதான் போகிறார்கள். இரண்டும் அழகில் குறைந்தவை அல்ல. ஆயினும் கோடைக்காலத்தில் காட்ஸ்வோல்ட்ஸிலுள்ள பைபரியைப் போன்ற ஒரு சிற்றூரில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும்போது, தேன்நிறக் கல்வீடுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பலாமே தவிர, சுற்றியுள்ள வயல்களில் என்ன விளைகிறது, அங்கு வாழ்கிறவர்கள் எந்த ஊர்ச் சந்தைக்குப் போகிறார்கள், தேவாலயத்தின் கூரையைச் செப்பனிடப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள இடமும் கிடைப்பதில்லை, நேரமும் கிடைப்பதில்லை. ஒரு வார விடுப்பை, அதிகம் பேசப்படாத ஒரு நிலப்பகுதியை ஓரளவேனும் அறிந்துகொள்வதற்காகச் செலவிட நினைப்பவருக்கு எந்தப் பகுதி ஏற்றது என்பதே இங்கே கேள்வி. அதற்காக மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: லங்காஷயரிலும் வட யார்க்ஷயரின் ஓரத்திலும் பரந்து கிடக்கும் பௌலண்ட் மேட்டுநிலம், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் குன்றுகள், கிழக்கே வடகடலுக்கு அருகிலுள்ள லிங்கன்ஷயர் வோல்ட்ஸ்.

அழகை அளவுகோலாக வைத்தால் முடிவு ஒன்றும் கிடைக்காது, ஏனெனில் மூன்றுமே சிறந்த இயற்கை அழகுள்ளவை என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட பகுதிகள். ஷ்ராப்ஷயர் குன்றுகள் 1958இலும், பௌலண்ட் 1964இலும், வோல்ட்ஸ் 1973இலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2023 நவம்பரில் இவற்றுக்கெல்லாம் தேசிய நிலக்காட்சிகள் என்ற புதிய பெயர் வந்தது. நான் பார்ப்பது வேறு சில விஷயங்களை. ஒரே ஊரில் தங்கி, கதவைத் திறந்ததும் நடக்கத் தொடங்க முடியுமா? அந்த ஊர் வந்துபோகிறவர்களை நம்பிப் பிழைக்கிறதா, தன் மக்களுக்காகவே இயங்குகிறதா? நிலத்தைப் பார்த்தே அதன் வரலாற்றில் கொஞ்சத்தையாவது வெளியூரார் தெரிந்துகொள்ள முடியுமா? கார் இல்லாதவரின் கதி என்ன?

பௌலண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அது அரசர்களின் வேட்டைநிலமாக இருந்த பகுதி. பௌலண்ட் வனம் என்றே அதற்குப் பெயர் இருந்தாலும் கண்ணுக்கு எட்டியவரை மரமில்லாத மேடுகளும், கால் அமிழும் கரிச்சதுப்பும், ஆகஸ்டில் ஊதாநிறமாகப் பூக்கும் ஹெதர் புதர்களும்தான். 560 மீட்டரைத் தாண்டும் வார்ட்ஸ் ஸ்டோன் இதன் உச்சி. 1612இல் மந்திரவாதம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண்டில் பகுதி மக்களை லங்காஸ்டர் சிறைக்குக் கொண்டுசென்றது இந்த மேட்டுநிலத்தைத் தாண்டித்தான் என்று சொல்வார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே கணக்கிட்ட பிரிட்டனின் மையப்புள்ளி டன்சாப் பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு அருகில் விழுகிறது என்பதற்காக, 1992இல் நாட்டின் ஒரு லட்சமாவது பொதுத் தொலைபேசியை அங்கே நிறுவினார்கள்.

இந்த நிலத்தின் அமைதிக்கு ஒரு காரணம் உண்டு, அதை அறியாமல் அங்கே போகக் கூடாது. பௌலண்டின் மேடுகளில் பெரும்பகுதி ஒரு சில பெரிய பண்ணைகளின் உடைமை. வைட்வெல் பகுதி மன்னரின் சொத்துத்தொகுதியான லங்காஸ்டர் டச்சிக்கும், அபிஸ்டெட் பகுதி வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் குடும்பத்துக்கும் உரியவை. கிரவுஸ் பறவைகளைச் சுடுவதற்காகப் பேணப்பட்ட இந்த மேடுகளில் சாதாரண மக்கள் நடக்க நெடுங்காலம் வழியே இருக்கவில்லை; 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் வந்த பிறகுதான் பெரும்பகுதி திறந்தது. இன்றும் நாயுடன் செல்லப் பல இடங்களில் தடை உண்டு. ஸ்லெய்ட்பர்ன் போன்ற அருமையான ஊர்கள் இருந்தாலும் அவை மிகச் சிறியவை. அருகிலுள்ள ஸ்டாக்ஸ் நீர்த்தேக்கம், பிளாக்பூல் பக்கத்துக் கடற்கரை நகரங்களின் தாகத்துக்காக ஒரு சிற்றூரையே விழுங்கி 1932இல் திறக்கப்பட்டது. மனிதரைக் காணாமல் நாள் முழுக்க நடக்க விரும்புகிறவருக்கு, மே மாதத்தில் கர்லூ, லாப்விங் பறவைகளின் குரலைக் கேட்க ஏங்குகிறவருக்கு, இதைவிடச் சிறந்த இடம் இந்த மூன்றில் இல்லை. ஆனால் வெளியூரார் ஒருவர் ஒரு வாரத்தில் யாரோடு பேசுவார், எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார் என்று யோசித்தால் பௌலண்ட் பின்தங்கிவிடுகிறது. மழை வேறு. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் முதலில் மோதும் மேடுகளில் அதுவும் ஒன்று. வாரத்தில் பாதி நாள் சாளரத்தின் வழியே நிலத்தைப் பார்க்க நேரிடலாம். மான்செஸ்டரிலிருந்து கிளித்தரோ வரை ரயில் உண்டு, அதற்கப்பால் பேருந்துகள் குறைவு.

ஷ்ராப்ஷயர் குன்றுகள் அப்படியல்ல. கார் இல்லாதவருக்கு இங்கிலாந்தின் அமைதியான நாட்டுப்புறங்களில் இவ்வளவு எளிதாக எட்டக்கூடியது வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகமே. மான்செஸ்டருக்கும் கார்டிஃபுக்கும் இடையே ஓடும் ரயில்கள் சர்ச் ஸ்ட்ரெட்டன், கிரேவன் ஆர்ம்ஸ், லட்லோ என்று வரிசையாக நின்று செல்கின்றன. சர்ச் ஸ்ட்ரெட்டன் நிலையத்தில் இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி, அரை மணி நேரம் நடந்தால் லாங் மிண்டின் பள்ளத்தாக்குகளில் ஒன்றில் நிற்கலாம். 516 மீட்டர் உயரமுள்ள அந்த நீண்ட மேட்டின் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. மேற்கே ஸ்டைபர்ஸ்டோன்ஸ் முகட்டில் வெண்படிகப் பாறைகள் முள்வேலி போல நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடிவாரத்தில் ஸ்னெயில்பீச் ஈயச் சுரங்கம் 1955 வரை இயங்கியது. ஜூலை, ஆகஸ்டில் மேடெங்கும் காய்க்கும் சிறு கருநீலப் பழத்தை இவ்வூரார் வின்பெரி என்பார்கள். முன்பு குடும்பம் குடும்பமாக மேட்டில் ஏறி அதைப் பறித்து விற்று, பிள்ளைகளுக்குக் காலணி வாங்கும் பணத்தைத் தேடிக்கொண்ட காலம் உண்டு. இன்றும் கடைகளில் வின்பெரி பை கிடைத்தால் விடாதீர்கள்.

மேற்கே போகப் போக எல்லைநிலத்தின் வரலாறு தொடங்குகிறது. எட்டாம் நூற்றாண்டில் மெர்சியாவின் அரசன் ஆஃபா வேல்ஸுக்கு எதிராக எழுப்பிய மண்கரை, கிளன் ஊருக்கு மேற்கேயுள்ள குன்றுகளில் இன்னும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. அதன் பெயரால் 1971இல் திறந்த நடைப்பயணப் பாதை 177 மைல் நீளமானது. கிரேவன் ஆர்ம்ஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள ஸ்டோக்சே, கோட்டை என்று அழைக்கப்பட்டாலும் ஒரு கம்பளி வணிகரின் வீடு. லட்லோவைச் சேர்ந்த லாரன்ஸ் என்ற அந்த வணிகர் 1291இல் அதற்கு மதில் எழுப்ப அரசரிடம் உரிமம் பெற்றார். மூன்றே ஆண்டுகளில் கம்பளிச் சரக்கோடு கடலில் மூழ்கி இறந்தார். செம்மறி ஆட்டின் முதுகிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த செல்வம் எத்தகையது என்பதை விளக்க இந்த ஒரு வீடு போதும்.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து முற்றுகையைத் தாங்கியும், 1753இல் சென்னைக் கோட்டைக்குள்ளிருக்கும் புனித மேரி தேவாலயத்தில் திருமணம் செய்தும், பிறகு வங்காளத்தில் பெருஞ்செல்வம் குவித்தும் திரும்பிய ராபர்ட் கிளைவ் ஷ்ராப்ஷயர்க்காரர். அவர் 1763இல் லிட்பரி நார்த் என்ற ஊரருகே வால்காட் மாளிகையை வாங்கினார். அதை ஒட்டிய பிஷப்ஸ் காஸில் என்ற மலைச்சரிவுச் சிற்றூருக்கு அப்போது நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள். மாளிகையோடு அந்த ஊரின் வாக்குகளும் ஏறத்தாழ அவர் கைக்கு வந்தன. 1832இன் சீர்திருத்தச் சட்டம் அந்த இரண்டு இடங்களையும் ஒழித்துவிட்டது. ஊர் மட்டும் இருக்கிறது: செங்குத்தான ஒரு கடைத்தெரு, உச்சியில் நகர மண்டபம், 1642ஆம் ஆண்டு உரிமத்தைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒரு மதுவடிப்பு மனை. கர்நாடகப் போர்களைப் பள்ளிப் பாடமாகப் படித்தவர் அந்தத் தெருவில் நடக்கும்போது, நம் ஊரில் முடிந்த கதையின் மறுபாதி இங்கே கிடப்பதை உணர்வார். இந்தப் பகுதிக்கு வருகிற ஆங்கிலேயர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நமக்கு அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இவ்வளவு இருந்தும் ஷ்ராப்ஷயரை முதல் இடத்தில் வைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. சர்ச் ஸ்ட்ரெட்டன் நூறாண்டுக்கு முன்பே சிறு சுவிட்சர்லாந்து என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஊர். கார்டிங் மில் பள்ளத்தாக்கில் கோடை ஞாயிறுகளில் வாகனம் நிறுத்த இடமிருக்காது. லட்லோ உணவுக்குப் பெயர்பெற்று, விலையும் அதற்கேற்ப உயர்ந்துவிட்டது. இவற்றை விட்டு விலகிக் கிளன் பள்ளத்தாக்குக்குப் போனால் அமைதி உண்டு. ஆனால் அங்கே போனதும் ரயிலின் வசதி போய்விடுகிறது. ஹார்ட் ஆஃப் வேல்ஸ் பாதையில் நாளுக்கு நான்கைந்து வண்டிகள்தான். புரூம், ஹாப்டன் ஹீத் போன்ற நிலையங்களில் கை காட்டினால்தான் நிற்கும். ஆக, எளிதில் எட்டும் ஷ்ராப்ஷயர் அறியப்படாததல்ல, அறியப்படாத ஷ்ராப்ஷயர் எளிதில் எட்டுவதல்ல. முதல் முறை போகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவே பிஷப்ஸ் காஸிலில் தங்குவது நல்ல சமரசம். ஷ்ரூஸ்பரியிலிருந்து பேருந்து வருகிறது.

இனி லிங்கன்ஷயர் வோல்ட்ஸ். லிங்கன்ஷயர் என்றதும் ஆங்கிலேயர்களே தட்டையான நிலம், முட்டைகோசு, ஸ்கெக்னஸ் கடற்கரை என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அந்தத் தட்டையின் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் சுண்ணாம்புக் குன்றுத்தொடர் வோல்ட்ஸ். சுமார் 560 சதுர கிலோமீட்டர். இதன் உச்சி 168 மீட்டர்தான். மலை என்று நினைத்துப் போகிறவர் ஏமாறுவார். ஆனால் யார்க்ஷயருக்கும் கென்டுக்கும் இடையே கிழக்கு இங்கிலாந்தில் இதைவிட உயரமான நிலம் இல்லை என்பதால், மேற்கே லிங்கன் பேராலயத்தின் கோபுரங்களும் கிழக்கே கடலில் நிற்கும் காற்றாலைகளும் ஒரே சாலையிலிருந்து தெரியும் நாட்கள் உண்டு. புளூஸ்டோன் ஹீத் சாலை என்று பெயர்கொண்ட அந்தப் பழைய முகட்டுவழியில் பல மைல் தூரத்துக்கு ஓர் ஊர்கூடக் குறுக்கிடாது. ஊர்களெல்லாம் ஊற்று கிளம்பும் பள்ளங்களில் ஒளிந்திருக்கின்றன. சுண்ணாம்புப் பாறை மழையை உறிஞ்சி அடியில் வைத்துக்கொண்டு, களிமண் படுகையைத் தொடும் இடத்தில் தெளிந்த ஊற்றாக விடுகிறது. நீர் இருந்த இடத்தில் ஊர் அமைந்தது. வரைபடத்தில் கோல்ஸ்பி, ஆஸ்டர்பி, சால்மன்பி, டீல்பி என்று ஒரே ஒலியில் முடியும் பெயர்கள் நிறைந்திருப்பது ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய டேனியர்களின் தடம்.

இந்த நிலம் இன்றும் வேலை செய்கிறது என்பதே எனக்கு முக்கியம். முன்பு செம்மறிகளும் முயல்களும் மேய்ந்த திறந்தவெளி, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வேலியிடப்பட்டுப் பெரிய உழவுநிலமாக மாறியது. கோதுமையும் பார்லியும் எண்ணெய்க் கடுகும் இன்று முகட்டிலிருந்து முகடு வரை விரிகின்றன. இதனால் நடக்கிறவருக்கு ஒரு தனி அனுபவம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் பொதுப்பாதை ஒன்று வயலின் குறுக்கே சென்றால், உழுது விதைத்த பிறகு உழவர் அதை 14 நாட்களுக்குள் மீண்டும் நடக்கத் தகுந்ததாக்கித் தர வேண்டும் என்பது சட்டம்; குறைந்தது ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும். மே மாதத்தில் முழங்கால் உயரக் கோதுமையின் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு மண்கீற்று எதிர்ச்சரிவு வரை போவதைக் காணலாம். அந்தக் கீற்றில் நடக்கும்போது காலணியில் ஒட்டுவது சாம்பல் வெண்மை கலந்த சுண்ணாம்புச் சேறு. கோல்ஸ்பிக்கு அருகிலுள்ள ரெட் ஹில் பக்கம் போனால் அது செங்கல்நிறமாகிவிடும், அங்கே சுண்ணாம்பின் அடியில் செந்நிறப் படிவம் வெளியே தெரிகிறது. வேலியிட்ட காலத்தில் ஆட்டு மந்தைகளுக்காக அகலமாக விடப்பட்ட சாலையோரங்கள் இன்று காட்டுப்பூக்களின் புகலிடமாகியிருக்கின்றன. வயலில் இல்லாத பூவெல்லாம் சாலையோரத்தில் இருக்கும்.

குறையும் இதிலிருந்தே பிறக்கிறது. உழவுநிலம் என்பதால் நினைத்த திசையில் நடக்க முடியாது. லாங் மிண்டைப் போலத் திறந்த மேடு இங்கே இல்லை. பொதுப்பாதைகள் உண்டு, ஆனால் சில இடங்களில் அடுத்த பாதையைப் பிடிக்கத் தார்ச்சாலையில் ஒரு மைல் நடக்க வேண்டிவரும். அறுவடை முடிந்த பிறகு, அக்டோபர் முதல் மார்ச் வரை, நிலம் வெறிச்சோடிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வரும் காற்று இரக்கமற்றது. இன்னொரு பக்கம், மூன்று பகுதிகளிலும் மழை குறைந்தது இதுவே.

தங்குவதற்கு லவுத் என்ற சந்தை ஊரைச் சொல்வேன். இங்குள்ள புனித ஜேம்ஸ் தேவாலயத்தின் கூர்கோபுரம் 1515இல் முடிந்தது; சுமார் 87 மீட்டர் உயரம்; இடைக்காலத்து ஊர்த் தேவாலயங்களில் இங்கிலாந்திலேயே இவ்வளவு உயர்ந்த கோபுரம் கிடையாது. எந்தக் குன்றில் நடந்தாலும் இரண்டு மணிக்கொரு முறை அது கண்ணில் பட்டு வழி சொல்லும். கோபுரம் முடிந்து 21 ஆண்டுகளில், 1536 அக்டோபர் தொடக்கத்தில், எட்டாம் ஹென்றியின் ஆட்கள் தேவாலயத்தின் வெள்ளிப் பொருட்களைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சத்தில் இதே தேவாலயத்திலிருந்துதான் லிங்கன்ஷயர்க் கிளர்ச்சி வெடித்தது. அது சில நாட்களில் அடங்கியது, ஊர்ப் பாதிரியார் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அதன் பொறி யார்க்ஷயருக்குத் தாவிப் பெருங்கிளர்ச்சியாயிற்று. நூறாண்டு கழித்து உள்நாட்டுப் போரில், 1643 அக்டோபர் 11 அன்று, தெற்கே வின்ஸ்பியில், மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படையின் தலைவர்களில் ஒருவரான கிராம்வெல் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டு விழுந்தது. அவர் அன்று தப்பியிராவிட்டால் இங்கிலாந்தின் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று உள்ளூர் மதுக்கடையில் பேச்செடுத்தால் ஒரு மாலை முழுவதும் ஓடும்.

லவுத்தில் நிலத்தின் அமைப்பும் ஊரின் நினைவும் ஒன்றாக முடிச்சிடும் நிகழ்ச்சி 1920 மே 29 வெள்ளம். வோல்ட்ஸ் சரிவுகளில் கொட்டிய பேய்மழை, குறுகிய சுண்ணாம்புப் பள்ளங்கள் வழியாகத் திரண்டு, தாண்டிக் குதிக்கலாம் போன்ற சிற்றோடையான லட் ஆற்றில் ஒரே நேரத்தில் இறங்கியது. சில நிமிடங்களில் தண்ணீர் வீடுகளின் மேல்மாடியை எட்டியது. 23 பேர் இறந்தனர். ஆற்றங்கரையில் ஒரு கட்டடத்தில் அந்த வெள்ளத்தின் உயரத்தைக் குறித்த கல்வெட்டு இருக்கிறது. கீழே கணுக்கால் அளவு ஓடும் நீரையும் தலைக்கு மேலுள்ள அந்த வெள்ளக் குறியையும் மாறி மாறிப் பார்த்தால்தான் இந்தச் சாதுவான குன்றுகளின் குணம் புரியும். அதே ஆற்றின் மேற்பகுதியில், ஊரின் தென்மேற்கு விளிம்பில், பனியுகத்து வெள்ளம் அறுத்த ஹப்பர்ட்ஸ் ஹில்ஸ் என்ற பள்ளத்தாக்கு ஊர்ப் பூங்காவாக இருக்கிறது. லவுத்தில் ஆசிரியராக இருந்த பாஹூட் என்ற சுவிஸ் நாட்டவர் விட்டுச் சென்ற செல்வத்தில் வாங்கப்பட்டு, அவருடைய மனைவியின் நினைவாக 1907இல் ஊருக்கு அளிக்கப்பட்டது. கட்டணம் இல்லை, நுழைவாயில் கடை இல்லை. மாலையில் ஊரார் நாயோடும் பேரப்பிள்ளைகளோடும் வருவார்கள். பேச்சு தொடங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஊர் தன் மக்களுக்காக இயங்குகிறதா என்ற கேள்விக்கு லவுத்தின் கடைத்தெருவே பதில். வாரத்தில் சில நாட்கள் சந்தை கூடுகிறது. இறைச்சிக் கடைகள் ஹாஸ்லெட் என்ற பன்றி இறைச்சிப் பாளத்தையும், சேஜ் இலை சேர்த்த உள்ளூர் சாசேஜையும், வோக்கோசு திணித்த உப்புப் பன்றியையும் தாங்களே செய்து விற்கின்றன. சைவம் உண்பவர் பிளம் பிரெட் என்ற உலர்பழ ரொட்டியைப் பாலாடைக்கட்டியோடு சாப்பிடலாம், ஆனால் பழைய முறையில் அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு என்பதால் கேட்டு வாங்க வேண்டும். கிரீன்விச் தீர்க்கரேகை ஈஸ்ட்கேட் தெருவின் குறுக்கே போகிறது. அதற்கு ஒரு சிறு அடையாளம் மட்டும் வைத்திருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால் அதைச் சுற்றி ஓர் அருங்காட்சியகமே எழுந்திருக்கும்.

போக்குவரத்தில்தான் வோல்ட்ஸ் தோற்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. லவுத்துக்குப் பயணிகள் ரயில் 1970இல் நின்றுபோனது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து லிங்கனுக்கு நேர் வண்டிகள் உண்டு, சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் லவுத். இல்லையெனில் கிரிம்ஸ்பி வரை ரயிலில் போய்த் தெற்கே பேருந்து. இங்கிலாந்தில் பெரும்பாலான பேருந்துகளின் ஒருவழிக் கட்டணத்துக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு 2025 தொடக்கத்தில் 2 பவுண்டிலிருந்து 3 பவுண்டாக உயர்ந்தாலும், செலவு இன்னும் பெரிதல்ல. சிக்கல் பணத்தில் இல்லை, நேரத்தில்தான்: மாலையில் பேருந்து விரைவில் நின்றுவிடும், ஞாயிறன்று ஏறத்தாழ எதுவும் ஓடாது. இதற்கு லிங்கன்ஷயரில் கால்கனெக்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. நிலையான வழித்தடம் இல்லாமல், முன்கூட்டியே தொலைபேசியிலோ செயலியிலோ பதிவு செய்தவர்களை ஊர் ஊராக ஏற்றி இறக்கும் சிற்றுந்து அது. திங்கள் முதல் சனி வரை ஓடும். முதியவர்களும் மாணவர்களும் மருத்துவமனைக்கும் கடைக்கும் போக அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். காலையில் அதில் டோனிங்டன் ஆன் பெய்ன் போய் இறங்கி, 147 மைல் நீளமுள்ள வைக்கிங் வே பாதையில் கோல்ஸ்பி வழியாக பெல்ச்ஃபோர்டு வரை நடந்து, முன்பதிவு செய்த வண்டியில் திரும்பலாம். வண்டியில் உடன் வருகிறவர்கள் நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்று கட்டாயம் விசாரிப்பார்கள். ஒரு நிலப்பகுதியை அறிந்துகொள்ள வந்தவருக்கு வாடகைக் காரில் அது கிடைக்காது.

ஆகவே யார் எதைத் தேர்வு செய்யலாம் என்பதற்கு வருகிறேன். குழந்தைகளோடு போகிற, கார் ஓட்டாத குடும்பத்துக்கு ஷ்ராப்ஷயர்தான் சரி; ரயிலிலிருந்து இறங்கியதும் குன்று தொடங்குகிறது, மழை நாளில் லட்லோ, ஷ்ரூஸ்பரி என்று போக்கிடங்கள் இருக்கின்றன, கிளைவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் அதுவே இடம். ஒரு வாரம் முழுக்க மேட்டில் நடக்கத் தெம்புள்ள, சேற்றுக்கும் மூடுபனிக்கும் அஞ்சாத, வரைபடமும் திசைகாட்டியும் கையாளத் தெரிந்தவர் பௌலண்டுக்குப் போகலாம். ஆகஸ்ட் 12இல் கிரவுஸ் வேட்டைக்காலம் தொடங்கும் முன் போவது நல்லது. மற்றவர்களுக்கு, குறிப்பாகப் பிரிட்டனில் பல ஆண்டு வாழ்ந்தும் நகரத்தையும் நெடுஞ்சாலையையும் தவிர வேறெதுவும் பார்க்காதவர்களுக்கு, என் பரிந்துரை லிங்கன்ஷயர் வோல்ட்ஸ். லண்டனிலோ லெஸ்டரிலோ வாழும் தமிழர் ஒருவர் அன்றாடம் வாங்கும் ரொட்டிக்கான கோதுமை எப்படிப்பட்ட நிலத்தில் விளைகிறது என்பதை மற்ற இரண்டு பகுதிகளும் காட்டாது. அவை மேய்ச்சலும் மேடும். மிகப் பெரிய காட்சிகள் எதுவும் வோல்ட்ஸில் இல்லை என்பது குறைதான். ஆனால் காட்சிகளைத் தேடி ஓடாத வாரத்தில்தான் ஒரே ஓடையை மூன்று இடங்களில் கடக்கவும், ஒரே கடைக்காரரிடம் நான்காம் முறை போய் நிற்கவும் முடிகிறது.

காலத்தைப் பொறுத்தவரை மே மாதத்தின் இரண்டாம் பாதியையும் ஜூனையும் சொல்வேன்: சாலையோரப் பூக்கள் உச்சத்தில் இருக்கும், கோதுமை இன்னும் பச்சை, இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். அறுவடையைப் பார்க்க விரும்பினால் ஆகஸ்ட். குறுகிய சாலைகளில் டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் ஒதுங்கி நிற்கும் பொறுமை வேண்டும். ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு எக்ஸ்புளோரர் வரைபடங்களில் 273ஆம் எண் தென் வோல்ட்ஸுக்கும் 282ஆம் எண் வட வோல்ட்ஸுக்கும் உரியவை. பச்சைக் கோடுகளாகக் குறிக்கப்பட்டவை பொதுப்பாதைகள். குன்றுப் பள்ளங்களில் கைப்பேசி அலைவரிசை அடிக்கடி அறுந்துபோவதால் தாள் வரைபடமே கைகொடுக்கும். வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் வீடுகள் பெரும்பாலும் வெள்ளி அல்லது சனியன்றுதான் கைமாறும். சனிக்கிழமை பிற்பகலில் லவுத் போய்ச் சேர்பவர் அன்றே கடைகள் மூடும் முன் இரண்டு நாளுக்கான உணவை வாங்கி வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்கான கால்கனெக்ட் இருக்கைகளையும் பதிவு செய்துவிட வேண்டும். ஞாயிறன்று ஹப்பர்ட்ஸ் ஹில்ஸுக்கு நடந்தே போய்விடலாம்.